குறைந்தபட்ச அறியாமை

ஏரி நிரம்பினால் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டால் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும். இந்த இரண்டு விஷயங்களையும் செவ்வனே நிர்வகிப்பதற்காகத் தாம்பரத்தில் ஓர் அலுவலகம் இயங்கி வந்தது. தென்புறநகர் உபரிநீர் முன்னறிவிப்பு வாரியம் என்று அதற்குப் பெயர். எங்கள் முடிச்சூர்ப் பக்கத்து ஜனங்கள் 'தண்ணி ஆபீஸ்' என்பார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது குடத்தோடு போய்ச் சண்டை போட்டுவிட்டு, இது வேறு தண்ணீர் என்று தெரிந்துகொண்டு திரும்புவார்கள்.

வாரியத்துக்கு வேலை ஒன்றுதான். மேட்டேரியின் ஷட்டர் எத்தனை மணிக்குத் திறக்கப்படும் என்பதை முடிச்சூரில் இருக்கும் தன் கிளை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். கிளை அலுவலகம் ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்ல வேண்டும். இது ரொம்ப காலமாகப் போனில் நடந்து வந்தது. "சார், மூணு மணிக்குத் திறக்கிறோம்." "சரி சார்." அவ்வளவுதான். இதில் நிர்வாகம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இல்லையே என்ற மனக்குறை இயக்குநர் பொன்னுரங்கத்துக்கு நெடுநாளாக இருந்தது.

அப்போதுதான் ஒரு விபரீதம் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் யாரோ போன் பேச்சைக் காதில் வாங்கி வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். முடிச்சூர் ஜனங்கள் வாரியத்தின் மைக் வருவதற்கு முன்பே பீரோவை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். "முறைப்படி எச்சரிக்கப்படுவதற்கு முன்னரே பொதுமக்கள் பாதுகாப்பை அடைந்துவிட்ட வருந்தத்தக்க நிகழ்வு" என்று கோப்பில் பதிவாயிற்று. இனி இப்படி நடக்கக் கூடாது என்று மேலிடம் கண்டித்தது.

இந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கம் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு விடுதியில் நடந்த கருத்தரங்குக்குப் போனார். அங்கே எல்லோரும் குவாண்டம் என்றார்கள். அந்த வருடம் எங்கும் அதே பேச்சுதான். சேலையூரில் குவாண்டம் டியூஷன் சென்டர் வந்திருந்தது. குரோம்பேட்டையில் ஒருவர் குவாண்டம் வாஸ்து பார்த்தார். ஒரு மாவு மில்காரர் தன் இட்லி மாவுப் பாக்கெட்டில் குவாண்டம் என்று அச்சடித்தார். மாவு பழைய மாதிரிதான் புளித்தது. கருத்தரங்கில் யாரோ, "குவாண்டம் முறையில் அனுப்பிய ரகசியத்தைக் கடவுளாலும் ஒட்டுக்கேட்க முடியாது" என்று சொன்னதும், வடையைக் கையில் பிடித்திருந்த பொன்னுரங்கம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆறு மாதத்தில் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரை சாலையோர மழைநீர்க் கால்வாய்க்குள் கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கப்பட்டது. இரண்டு முனையிலும் ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு சாதனம். அதன் பாதுகாப்பைக் கணக்கு போட்டு நிரூபித்துக் கொடுக்க முனைவர் சத்யப்ரியா ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டாள். இயற்பியல் படித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பி, வாடகை வீட்டில் இருப்பவள். கணக்கில் பொய் சொல்லத் தெரியாது என்பது ஒன்றுதான் அவளிடம் இருந்த குறை.

முதல் கூட்டத்தில் அவள் விளக்கினாள். "ஒளித்துகளை ஒண்ணொண்ணா அனுப்பி ஒரு ரகசியச் சாவியை உருவாக்கறோம் சார். நடுவில யாராவது ஒட்டுக்கேட்டா அந்தத் துகள்கள் கெட்டுப்போய்ப் பிழை வரும். எவ்வளவு பிழை வந்திருக்குன்னு பார்த்து, ஒட்டுக்கேட்டவருக்கு நம்ம சாவியைப் பத்தி குறைஞ்சது எவ்வளவு தெரியாதுன்னு கணக்கு போடலாம். அந்தத் தெரியாமைக்குப் பேர்தான் என்ட்ரோபி. அது இதுக்குக் கீழே போகவே போகாதுன்னு ஒரு கீழ்வரம்பை நிரூபிக்கிறதுதான் என் வேலை."

"அதாவது அறியாமைக்குக் குறைந்தபட்ச அளவு," என்றார் பொன்னுரங்கம்.

"கரெக்ட் சார்."

"ஏம்மா குறைந்தபட்சம்? அரசு அலுவலகம். நல்லா தாராளமா அதிகபட்சம்னு போடுங்களேன்."

அது அப்படிப் போடக்கூடிய விஷயமில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், கண்காணிப்பாளர் திரிபுரசுந்தரி பேனாவை எடுத்தார். முப்பது வருட சர்வீஸ். எந்தக் கோப்பையும் தலைப்பை மட்டும் படித்தே ஆட்சேபணை எழுதக்கூடியவர். "மேடம், இந்த ஒட்டுக்கேட்பவர்னு எல்லாப் பக்கத்திலயும் வருதே, அவர் யாரு? பேரு, விலாசம் ஒண்ணும் போடலையே?"

"அப்படி யாரும் இல்ல மேடம். கற்பனைதான். எல்லா வல்லமையும் உள்ள ஒரு எதிரின்னு வச்சுக்கிட்டுத்தான் நிரூபிக்கணும்."

"இல்லாத ஆளுக்கு எதிராவா இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்?" திரிபுரசுந்தரி இயக்குநரைப் பார்த்தார். "ஆடிட்ல கேட்டா நான் என்ன சார் சொல்லுவேன்?"

பிறகு பொன்னுரங்கம் மிகுந்த பொறுப்புணர்வோடு சொன்னார். "இல்லைன்னா போஸ்ட் கிரியேட் பண்ணிட வேண்டியதுதான்."

அப்படித்தான் அந்த விளம்பரம் வந்தது. 'பணியிடம்: ஒட்டுக்கேட்பவர் (தற்காலிகம்). தகுதி: இயற்கை விதிகள் அனுமதிக்கும் அனைத்து வல்லமைகளும். தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வல்லமைக்கான சான்றிதழை உரிய அதிகாரியிடம் பெற்று இணைக்கவும்.' இயற்கை விதி என்ற வரி சத்யப்ரியாவின் கட்டுரையிலிருந்து எடுத்தது. மற்றதெல்லாம் பழைய டிரைவர் விளம்பரத்திலிருந்து எடுத்தது.

கூட்டம் தெருமுனை வரை நின்றது. முதலில் வந்தவர் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். சாதனத்தைப் பார்த்த மாத்திரத்தில், கேபிளை எங்கே தொட்டால் கேட்கும் என்று காட்டினார். உடனே நிராகரிக்கப்பட்டார். "ரொம்பத் தெரிஞ்சிருக்கு. கீழ்வரம்பு பாதிக்கும்," என்று குறிப்பு எழுதினார் திரிபுரசுந்தரி.

அவருக்கு அடுத்து வந்தவன் ஜெரோம். பம்மல்காரன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, உலகத்தில் உள்ள தேர்வையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான்.

"குவாண்டம் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார்."

"என்ட்ரோபி?"

"காலேஜ்ல இருந்துச்சு சார். அரியர் வச்சு பாஸ் பண்ணேன். இப்ப சுத்தமா தெரியாது."

தேர்வுக் குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "மேட்டேரி எங்க இருக்கு?" என்று கடைசியாகக் கேட்டார் பொன்னுரங்கம்.

ஜெரோமின் அக்கா ஜோசலின் முடிச்சூரில் அந்த ஏரிக்கு நேர் கீழேதான் குடியிருக்கிறாள். போன வாரம்கூட அங்கே மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தான். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எங்கியோ கீது சார்," என்றான்.

வேலை கிடைத்தது.

வேலை கிடைத்ததும் கல்யாணமும் கூடிவந்தது. பொண்ணின் அப்பா சவுரிமுத்து, பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், மாப்பிள்ளையை நேரிலேயே விசாரித்தார். "ஆபீஸ்ல இன்னா வேலை தம்பி?"

"ஒட்டுக்கேட்கிற வேலைங்க."

"கவர்ன்மென்டா?"

"ஆமாங்க."

"நல்ல வேலைதான். நம்ம சொந்தத்துல நெறைய பேர் சம்பளம் இல்லாம பண்றாங்க," என்று சொல்லி, ஜனவரியில் தேதி குறித்தார்.

சாதன அறைக்கு வெளியே ஜெரோமுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். காலையில் வந்து காதைச் சுவர்ப்பக்கம் வைத்து உட்கார வேண்டும். மாலையில் தனக்கு எதுவும் தெரியாது என்று எழுத்துமூலம் சான்றளிக்க வேண்டும். முதல் நாள், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். திரிபுரசுந்தரி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மொட்டையா எழுதக் கூடாது தம்பி. எது தெரியாதுன்னு குறிப்பா இருக்கணும்."

"எது தெரியாதுன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

நியாயமான சந்தேகம். அவர் யோசித்தார். அலுவலக நடைமுறையில் தீர்வில்லாத சந்தேகம் கிடையாது. அன்று முதல், அன்றன்றைய ரகசியத்தைத் திரிபுரசுந்தரியே அவனுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்ல, அவன் எழுதிக்கொண்டான். 'இன்று மேட்டேரியின் நீர்மட்டம் பதினெட்டு அடி என்பது எனக்குத் தெரியாது.' 'இரண்டாவது ஷட்டரின் செயின் துருப்பிடித்திருப்பது எனக்குத் தெரியாது.' 'அந்தச் செயினுக்கு மூன்று வருடமாக கிரீஸ் வாங்கியதாகக் கணக்கு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.'

ஒரு மாதத்தில் வாரியத்தைப் பற்றி ஜெரோமுக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று ஆயிற்று. எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருந்தது.

விஷயம் தெரிந்து சத்யப்ரியா இயக்குநர் அறைக்கு ஓடினாள். "சார், ரகசியத்தை நாமே அவர்கிட்ட சொல்லிட்டா என் நிரூபணத்துக்கே அர்த்தம் இல்ல சார்!"

"பதட்டப்படாதீங்க. நீங்க வெறும் கணக்குலதான் நிரூபிச்சிருக்கீங்க. அவர் எழுத்துல குடுத்திருக்கார்."

பிறகு ஐப்பசி பிறந்தது. முதல் மழையிலேயே கால்வாயில் தண்ணீர் ஏறி, கேபிள் அசைந்து, சாதனத்தில் பிழை கூடியது. பிழை கூடினால் கீழ்வரம்பு இறங்கும். ஏன் என்று பொன்னுரங்கம் விளக்கம் கேட்டார்.

"மழையால வர்ற பிழைதான் சார். ஆனா இது தண்ணி பண்ணதா ஆள் பண்ணதான்னு கணக்குக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக எல்லாப் பிழையையும் ஒட்டுக்கேட்பவர் தலையிலதான் போடணும். அதுதான் முறை," என்றாள் சத்யப்ரியா. அதற்கு மேல் அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் ஜெரோமுக்கு மெமோ வந்தது. 'நேற்று பிற்பகல் தாம்பரம், பெருங்களத்தூர் சுற்றுவட்டாரத்தில் மழை பெய்தது தொடர்பாகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினான். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "இப்பக்கூட பெய்யுதேடா, நிறுத்தித் தொலையேன்," என்றாள். 'இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்கிறேன்' என்று பதில் எழுதிக் கொடுத்தான். அது ஏற்கப்பட்டது. ஆனால் மழை ஒப்புக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஒரு புயல் சின்னம் எங்கள் பக்கம் திரும்பியது. முதல் நாள் மாலை ஆரம்பித்த மழை விடிந்தும் நிற்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். மேட்டேரி விளிம்பு வரை வந்துவிட்டது. ஷட்டரைத் திறக்காவிட்டால் கரையே போய்விடும் என்று ஏரியிலிருந்து செய்தி வந்தது. மதியம் மூன்று மணிக்கு எல்லா ஷட்டரும் திறப்பது என்று முடிவானது. திறந்தால் முடிச்சூரின் பள்ளத் தெருக்களில் இடுப்பளவு வரும், சில இடத்தில் கழுத்தளவு. கிளை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பச் சொல்லிப் பொன்னுரங்கம் உத்தரவிட்டார்.

சாதனத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"கால்வாய் முழுக்கத் தண்ணி சார். பிழை எல்லையைத் தாண்டிடுச்சு. கீழ்வரம்பு பூஜ்யம். சாவியே உருவாகாது," என்றாள் சத்யப்ரியா.

"கொஞ்சம் ஏத்துங்க."

"எதை சார்?"

"உங்க கீழ்வரம்பைத்தான். இன்னிக்கு ஒரு நாளைக்கு. அப்புறமா ஃபைல்ல ஒப்புதல் வாங்கிக்கலாம்."

"அது நான் ஏத்தி இறக்கறது இல்ல சார். சார், போன் பண்ணிடலாம். இது ரகசியமே இல்ல. ஊர்ல எல்லாருக்கும் சொல்ல வேண்டிய விஷயம்."

பொன்னுரங்கம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லாருக்கும் சொல்ல வேண்டியதுதாம்மா. யார் இல்லைன்னா? ஆனா ரகசியமா சொல்லணும்."

அவள் தன் போனில் கிளை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "சாவி போட்டுத் திறந்து வந்தாத்தான் மேடம் அது செய்தி. சாவி இல்லாம வந்தா வதந்தி. வதந்தி பரப்பினா கேஸ்னு நாங்களே போர்டு வச்சிருக்கோம்." அவர் கெட்டவர் இல்லை. மழையில் ஜாக்கிரதையாக வீட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னார்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. பொன்னுரங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. கணக்கில் அறியாமை குறைந்தால் என்ன, எழுத்தில் கூட்டிவிடலாமே! ஒட்டுக்கேட்பவரிடமிருந்து விசேஷமான, வலுவான ஒரு சான்று வாங்கிவிட்டால் போனில் பேசுவதைப் பற்றிப் பரிசீலிக்கலாம் என்றார். ஜெரோமைக் கூப்பிட்டார்கள். திரிபுரசுந்தரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'இன்று மதியம் மூன்று மணிக்கு மேட்டேரியின் அனைத்து ஷட்டர்களும் திறக்கப்படும் என்பதும், முடிச்சூரின் தாழ்வான தெருக்கள் மூழ்கும் என்பதும், அங்கு வசிப்போருக்கு இதுவரை தகவல் ஏதும் தரப்படவில்லை என்பதும் எனக்கு அறவே தெரியாது.' கையெழுத்துப் போடு தம்பி."

ஜெரோம் பேனாவை வாங்கினான். அக்காவின் வீடு தரைத்தளம். மாமா வேலை விஷயமாக ஓசூர் போயிருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் லீவு என்று வீட்டில்தான் இருக்கும். சின்னது இன்னும் தவழ்கிறது. போடாவிட்டால் வேலை போகும். வேலை போனால் ஜனவரியும் போகும்.

"இன்னா மேடம் இது..." என்றான்.

"ஸ்பெல்லிங் தப்பா?"

அவன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, ஒன்றுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, படியிறங்கி, மழையில் ஓடி, ஒரு மூடிய கடையின் தகரத்துக்குக் கீழே நின்று அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, கொழந்தைங்கள தூக்கிக்கினு மாடிக்குப் போ. இப்பவே."

"ஏன்டா? ஏரி தெறக்கறாங்களா? யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்குடா மழையில நின்னுக்கினு கத்தற?"

"அக்கா, நல்லா கேட்டுக்கோ. எனக்குத் தெரியாதது இன்னான்னா, மூணு மணிக்கு எல்லா ஷட்டரும் தெறக்கறாங்க!"

ஜோசலின், "பக்கத்து வீட்டுப் பாட்டிம்மாவுக்கு நடக்க முடியாதுடா. எதிர்வூட்டுக்காரங்க எல்லாரும் தூங்கிக்கினு கீறாங்க. தெரு பூராவும் சொல்லணும், நான் ஒருத்தி என்னடா பண்ணுவேன்?" என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

அவன் திரும்பியபோது காற்றில் மடங்கிய குடையோடு சத்யப்ரியா பின்னால் நின்றிருந்தாள். சான்றின் மேல் பரிசீலனை இன்னும் நடந்துகொண்டிருக்க, அவளும் வெளியேறி வந்திருந்தாள். இரண்டு பேரும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஓடினார்கள். மழையில் சவாரியில்லாமல் நின்றிருந்தது குப்பன் என்பவரின் ஷேர் ஆட்டோ. போன தேர்தலுக்குக் கட்டிய மைக்கை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.

முடிச்சூர் பள்ளத் தெருவில் ஜெரோம் மைக்கைக் கையில் வாங்கினான். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தெரியும் என்று சொன்னால் பொய்ச் சான்று கொடுத்த குற்றம். இரண்டு முறை இருமிவிட்டு ஆரம்பித்தான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! மதியம் மூன்று மணிக்கு மேட்டேரி திறக்கப்படுவது எனக்குத் தெரியாது! இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரும் என்பதும் எனக்குத் தெரியாது! தயவுசெய்து குழந்தைகளையும் பெரியவர்களையும் மாடிக்குக் கொண்டு போங்கள்!"

"இன்னா தலீவா," என்றார் குப்பன் வண்டியை நிறுத்தாமல். "தெரியாததுக்கு இன்னாத்துக்கு மைக்கு?"

கதவுகள் திறந்தன. லுங்கியை மடித்துக் கட்டியபடி ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்று கேட்டார். "ஏம்பா, நிச்சயமா தெரியாதா?"

"நிச்சயமா தெரியாது சார்!"

"ஆபீஸ்ல இருந்து நிச்சயமா தெரியும்னு சொன்னாத்தான் ஒண்ணும் நடக்காது," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், டிவியைக் கழட்டு!"

அப்புறம் தெருவே கலைந்த எறும்புப் புற்று மாதிரி ஆயிற்று. நடக்க முடியாத அந்தப் பாட்டியை நாற்காலியோடு தூக்கினார்கள். சத்யப்ரியா இடுப்பில் ஜோசலினின் சின்னப் பிள்ளையையும், மறு கையில் யாருடையதோ மாத்திரைப் பையையும் வைத்துக்கொண்டு படியேறினாள். ஜோசலின் வீட்டு ஃபிரிட்ஜை மட்டும் நகர்த்த நேரமில்லை.

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முதலில் கால்வாய்ப் பக்கமிருந்து பழுப்பாக ஒரு விரிப்பு மாதிரி நகர்ந்தது. பிறகு வாசல் கேட் திறந்தது, தானாக. ஸ்கூட்டர்கள் சாய்ந்தன. சாயங்காலத்துக்குள் தரைத்தள ஜன்னல்களின் பாதி வரை ஏறிவிட்டது. மொட்டை மாடிகளில் நின்று எங்கள் சாமான்கள் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெரோம் அக்காவின் பெரிய பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தான். மறுபடியும் எண்ணினான். எல்லோரும் இருந்தார்கள்.

மறுநாள் கிளை அலுவலகத்துக்குச் சாவி வந்து சேர்ந்தது. செய்தி முழுப் பாதுகாப்போடு திறந்து படிக்கப்பட்டது.

விசாரணை வைத்தார்கள். மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ரகசியத்தை வெளியிட்டது யார் என்பதுதான் கேள்வி. எல்லா விரலும் ஜெரோமைக் காட்டின. ஆனால் கோப்பில் அவன் கையெழுத்துப் போட்ட சான்று இருந்தது. அவனுக்கு அறவே தெரியாது. தெரியாததை ஒருவன் எப்படி வெளியிட முடியும்? சான்று தவறு என்றால் அதை வாசித்துச் சொன்ன திரிபுரசுந்தரியும், வாங்கச் சொன்ன பொன்னுரங்கமும் பதில் சொல்ல வேண்டிவரும். எனவே அவன் குற்றமற்றவன் என்று உடனே முடிவாயிற்று. மைக் ஒலிப்பதிவையும் அதிகாரி கேட்டார். அதிலும் அவன் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தான்.

அடுத்து ஊர் ஜனங்களைக் கூப்பிட்டார். முன்கூட்டியே தகவல் கிடைத்தவர்களுக்கு நிவாரணம் கிடையாது என்று அன்று காலையில்தான் ஓர் ஆணை வந்திருந்தது.

"தண்ணி வரப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று ஜோசலினைக் கேட்டார்.

ஜோசலின் தம்பியைப் பார்த்தாள். வாசலில் சேறு வடிந்து கிடந்த ஃபிரிட்ஜை நினைத்தாள். "தெரியாதுங்க சார்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "தம்பி சும்மா பாக்க வந்தான்."

லுங்கிப் பெரியவருக்கும் தெரியாது. குப்பனுக்கும் தெரியாது; சவாரிக்குப் போனேன் என்றார். தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

அதிகாரி மனசாட்சி உள்ளவர் போலிருக்கிறது. போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டார். "சரி, இங்க மனை வாங்கும்போது இது ஏரித்தண்ணி போற வழின்னு தெரியுமா?"

தெரியாது என்றோம். மனை விற்றவருக்குத் தெரியாது. அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குத் தெரியாது. கடன் கொடுத்த வங்கிக்குத் தெரியாது. பத்திரம் எழுதியவருக்கு அந்தத் தெருவின் பழைய பெயரே 'ஓடைத் தெரு' என்பது தெரியாது.

எல்லாவற்றையும் தொகுத்து, இந்தப் பகுதியின் மொத்த அறியாமைக்குக் கீழ்வரம்பு கணக்கிட்டுத் தரும்படி சத்யப்ரியாவைக் கேட்டார்கள். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்கு போட்டாள். இவ்வளவு பெரிய எண்ணை எந்த ஆய்வுக்கூடத்திலும் தான் பார்த்ததில்லை என்றாள். உலகிலேயே மிகப் பாதுகாப்பான ரகசியம் தென்புறநகரில் இருப்பது இவ்வாறு அறிவியல்பூர்வமாக நிரூபணமாயிற்று. வாரியத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். பொன்னுரங்கத்துக்குப் பதவி உயர்வு. ஜெரோமுக்கு வேலை நிரந்தரம்.

ஜனவரியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சவுரிமுத்து மருமகனைக் கூட்டிக்கொண்டு ஒரு மனை பார்க்கப் போனார். மேட்டேரியின் உள்கரையை ஒட்டி, கொடியெல்லாம் நட்டு, பந்தல் போட்டு, 'குவாண்டம் நகர்' என்று வளைவு வைத்திருந்தார்கள். கணுக்கால் வரை சேறு. ஆகாயத்தாமரை காய்ந்து கிடந்தது. முன்பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு நின்று எதையோ கொத்தியது.

"இது ஏரிதானே மாமா?" என்றான் ஜெரோம் மெதுவாக.

"தெரியாது மாப்ளே. நீங்களும் கேக்காதீங்க. தாம்பரம் பக்கத்துல இந்த ரேட்டுக்கு வேற எங்க கெடைக்கும்?"

ஜெரோம் கொக்கைப் பார்த்தான். அக்கா வீட்டு ஜன்னலில் ஏறிய தண்ணீர் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அவனுக்கு முன்னால், அம்மாவுக்குத் தோதாகத் தரைத்தளம்தான் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள் சத்யப்ரியா. அவனுக்குப் பின்னால், வளைவைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.